நான் திருத்திய புன்னைக்காய்

போட்டோ பொய் சொல்லாது என்று சொல்கிறவர் யாரும் ஒரு ஸ்டூடியோவின் பின்கட்டுக்குள் வந்ததில்லை. முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, கண்ணை உருட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு பின்கட்டில் என் கைக்கு வருவார்கள். அம்மைத் தழும்பை எடுப்பேன். தொங்குகிற தாடையை மேலே தூக்குவேன். மாப்பிள்ளைப் பையனுக்கு மீசையை அடர்த்தியாக்குவேன். அம்பூரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ரப்பர்த் தோட்டக்காரருக்கு, அவர் கேட்காமலே, முன்வரிசையில் இரண்டு பல் வைத்துக் கொடுத்தேன். (படத்தைப் பார்த்த பிறகு அவர் வாயைத் திறந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டதாகவும், அதனால் குழந்தைகள் பயந்ததாகவும் கேள்வி.)

இந்த வேலைக்கு ரீடச் என்று பெயர். கூர்சீவிய பென்சில், மெல்லிய கத்தி, சிவப்பு மை, நுனி மயிர் மட்டும் உள்ள ஒரு பிரஷ். இவற்றைக் கொண்டு நெகட்டிவில் கடவுள் விட்ட குறைகளைத் தீர்ப்பது. நாலாம் வகுப்போடு மிஷன் பள்ளிக்கூடத்திலிருந்து கழன்றுகொண்ட எனக்குக் கடவுளையே திருத்தும் வேலை கிடைத்தால் தலை நிற்குமா? நிற்கவில்லை.

ஆனால் அந்தத் தலையை நிமிர்த்தி ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்துப் பேச மட்டும் தைரியம் கிடையாது. என் கூச்சம் அப்படிப்பட்டது. பாறசாலையில் இறங்க வேண்டியவன், பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு நெய்யாற்றின்கரை வரை போய், அங்கிருந்து நடந்து வந்திருக்கிறேன். நெகட்டிவில் உள்ள மனிதர்கள்தான் எனக்குச் சரி. அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள்.

ஸ்டூடியோ பாறசாலைச் சந்தைக்குப் போகும் வழியில் இருந்தது. முதலாளி குட்டன் அண்ணன். மலையாளத்தில் யோசித்து, தமிழில் பேசி, இரண்டிலும் ஏசுவார். அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான்.

"எலே தங்கையா, தெய்வம் தந்த நெகட்டிவை அப்படியே பிரிண்ட் போட்டுக் குடுத்தா, பின்னே நாம எதுக்குடே?"

அது எல்லைப் போராட்ட வருஷங்கள். தெற்குத் தாலுகாக்களைத் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று ஒரு கட்சி. ஒரு பிடி மண்ணும் தரமாட்டோம் என்று இன்னொரு கட்சி. இரண்டுக்கும் நடுவில் நாங்கள். வீட்டில் தமிழில் கஞ்சி கேட்போம், பக்கத்து வீட்டில் மலையாளத்தில் உப்பு வாங்குவோம். அதுவரை நாக்கில் எல்லை இருப்பதே எங்களுக்குத் தெரியாது. இரண்டு கட்சிக்கும் நோட்டீஸ் வேண்டும். நோட்டீஸில் வரைபடம் வேண்டும். வரைபடத்தில் எல்லை வேண்டும். எல்லை என்றால் புள்ளிக்கோடு. புள்ளிக்கோடு என்றால் தங்கையன்.

காலையில் ஒரு கூட்டம் வந்து எல்லையை நெய்யாற்றுக்கு வடக்கே கொண்டுபோகச் சொல்லும். மதியம் வேறொரு கூட்டம் வந்து அதைத் தெற்கே தோவாளை வரை தள்ளச் சொல்லும். இரண்டையும் நான்தான் போட்டேன், ஒரே பிரஷால், ஒரே மையால். சோறு தின்பதற்கு முன்னால் தமிழ்நாட்டில் இருப்பேன்; தின்று கைகழுவும்போது திருக்கொச்சியில் இருப்பேன். மேடையில் தொண்டை கிழியக் கத்துகிற தலைவர்கள் இரண்டு பேரும் ஸ்டூடியோவில் என் தோளுக்குப் பின்னால் நின்று, "புள்ளி கொஞ்சம் தடிமனா இருக்கட்டும் மக்கா" என்று ஒரே மாதிரி கெஞ்சுவார்கள்.

என் புள்ளிகள் ஒரே பருமன், ஒரே இடைவெளி. பனச்சமூட்டுச் சந்தைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸைத் தூரத்திலிருந்து பார்த்தே, "இது தங்கையன் புள்ளி" என்று சொல்லுவார்கள். அதைக் கேட்டு அந்த மடையன் தங்கையன் அடைந்த பெருமை இருக்கிறதே! நாட்டையே தான்தான் அளந்து பிரித்துக் கொடுப்பதாக அவனுக்கு நினைப்பு.

இந்தச் சமயத்தில்தான் ஞானதாஸ் சாரின் கண்ணில் பட்டேன். நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் பௌதிக ஆசிரியர். மதராஸில் படித்தவர். அதை மற்றவர்கள் மறந்துவிடக்கூடாது என்று நாளுக்குப் பலமுறை ஞாபகப்படுத்துவார். யாரிடம் பேசினாலும் கரும்பலகையிடம் பேசுவது போலத்தான் பேசுவார். பதிலை எதிர்பார்க்க மாட்டார்.

அவருக்கு ஒரு தங்கை, றோஸ்லெற். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு, சபையில் பாதிப் பேருக்குச் சட்டையும், ரவிக்கை மாதிரியான ஜம்பரும் தைத்துக் கொடுப்பவள். அவளை எனக்குக் கேட்கலாமா என்று என் அம்மா சபையில் ஒருவர் மூலமாகப் பேச்சு விட்டிருந்தாள். சாரின் அம்மாவுக்குச் சம்மதம். சாருக்கு இல்லை.

"நாலாம் கிளாஸா?" என்றாராம். "எங்க வீட்டு ஆட்டுக்கு அதைவிடக் கூடுதல் படிப்பு உண்டு. நான் படிச்சுக் கிழிச்ச பேப்பர் முழுசும் அதாக்கும் தின்னுது."

இதை எனக்கு வந்து சொன்னவர் ஆட்டைப் போலவே கத்தியும் காட்டினார். நானும் சிரித்துவைத்தேன். வேறு என்ன செய்ய? எனக்கு றோஸ்லெற்றைப் பிடித்திருந்தது. எப்படிப் பிடித்தது என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்து போகும்போது அவளுடைய பின்னலைப் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் வந்ததில்லை.

கடைசியில் சாரே ஸ்டூடியோவுக்கு வந்தார், கல்யாணப் பேச்சுக்கு அல்ல. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் கண்காட்சி. திருவனந்தபுரத்திலிருந்து பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வருகிறார். அவர் முன்னால் யாரும் காட்டாத ஒன்றைச் சார் காட்ட வேண்டும்.

"மதராஸில ஒரு விளக்கு பாத்தேன்," என்றார் கரும்பலகையிடம், அதாவது என்னிடம். "இமைக்கிற மாதிரி அணைஞ்சு அணைஞ்சு எரியும். ஸ்ட்ரோபோஸ்கோப். இருட்டில ஒரு பந்தை எறிஞ்சு, கேமராவைத் திறந்து வச்சா, ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் பந்து ஒவ்வொரு இடத்தில பதியும். ஒரே படத்தில ஒரே பந்து, பல இடத்தில. பந்து எந்த வழியா வந்துது, எப்ப எங்க இருந்துதுன்னு படம் சொல்லும். புரியுதா?"

தலையாட்டினேன். புரியவில்லை.

"அந்த விளக்கு இங்க இல்லை. விளக்கு இமைக்காட்டா கேமரா இமைக்கட்டும். வட்டமா ஒரு அட்டை, அதில ஒரு கீறல். அதைக் கேமராக் கண்ணுக்கு முன்னால சுத்தவிட்டா, கீறல் வரும்போது மட்டும் கேமரா பார்க்கும். அட்டை ஒரே வேகத்தில சுத்தணும். அதுக்கு ஆள் உண்டு. படத்தை நீ எடு." போகிற போக்கில் ஒன்று சொன்னார். "ஒழுங்கா எடுத்தா, உங்க அம்மா விட்ட பேச்சையும் யோசிப்போம்."

அப்படியாக, என் கல்யாணம் ஒரு பந்து விழுவதைப் பொறுத்ததாயிற்று.

சாரின் வீட்டு முன்னறையில்தான் படம்பிடிப்பு. பட்டப்பகல். சன்னல்களை மூடச் சபையிலிருந்து, சவப்பெட்டி மேல் விரிக்கும் கறுப்புத் துணியை இரவல் வாங்கியிருந்தார். சுவரில் கரும்பலகை, அதில் சுண்ணாம்புக்கட்டியால் குறுக்கும் நெடுக்கும் கட்டம். மேசை மேல் கமுகு மரத்தைப் பிளந்து செய்த ஓடை ஒன்று சாய்வாக. பந்துக்குப் பதில், உருண்டையான ஒரு புன்னைக்காய்க்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார். காய் ஓடையில் உருண்டு வந்து, மேசை விளிம்பைத் தாண்டிப் பாய்ந்து, வளைந்து கீழே வைக்கோல் சாக்கில் விழும். ஸ்டூடியோவிலிருந்து கொண்டுவந்த பெரிய பல்புகள் இரண்டு பக்கமும் எரியும்.

அட்டையைச் சுற்றும் இயந்திரம் எது என்று பார்த்தேன். தையல் மெஷின். அதன் சக்கரத்தோடு அட்டையை இறுகக் கட்டியிருந்தார்கள். மெஷினுக்குப் பின்னால் றோஸ்லெற்.

"இந்தத் தாலுகாவில ஒரே வேகத்தில மிதிக்கிறது என் தங்கச்சி மட்டும்," என்றார் சார். எனக்குத் தெரிந்து அவர் இன்னொருவரைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

"எனக்கு ஒரு ஜம்பர் பாக்கி உண்டு. சட்டுனு முடி அண்ணா," என்றாள் அவள்.

நான் உடனே கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுவிட்டேன். கேமராவைச் சரிபார்க்கும் வரைதான் தலை அங்கே இருக்க வேண்டும். படம் பதியும் கண்ணாடித் தகட்டைச் செருகிய பிறகு உள்ளே பார்க்க ஒன்றுமே கிடையாது. இருந்தும் படம்பிடிப்பு முடியும் வரை நான் தலையை வெளியே எடுக்கவில்லை. கையை மட்டும் ஆமைபோல நீட்டி, லென்சின் மூடியைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"றோஸ், மிதி!" மெஷின் கடகடவென்று ஓடத் தொடங்கியது. "தங்கையா, திற! விடுறேன்!" காய் உருண்டது, பாய்ந்தது, சாக்கில் தொப்பென்று விழுந்தது. "மூடு!"

மூடுவதற்காகக் கையைக் கொண்டுபோனேன். மூடி ஏற்கெனவே அங்கேதான் இருந்தது. திறக்கவே இல்லை.

"எலே, உன்னை எந்த மடையன் போட்டோக்காரன்னு சொன்னான்?" என்று சார் கத்தினார். இரண்டாவது முறை மூடியைத் திறந்தேன். கூடவே கேமராக் காலையும் தட்டிவிட்டேன். மூன்றாவது முறைதான் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

"துணிக்குள்ள மூச்சு முட்டலியா?" என்று றோஸ்லெற் கேட்டாள். சார் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார். அறையில் நானும் அவளும் மட்டும். என் வாழ்க்கையில் அதுவரை வந்த சந்தர்ப்பங்களில் பெரிய சந்தர்ப்பம் அது.

இருமினேன்.

அதையே பதிலாக எடுத்துக்கொண்டு அவள் ஜம்பரைத் தைக்கப் போய்விட்டாள்.

ஸ்டூடியோவுக்கு வந்து தகட்டைக் கழுவினேன். நெகட்டிவில் எல்லாம் தலைகீழாகத்தானே தெரியும். வெள்ளைக் காய் கறுப்புப் புள்ளியாக. புள்ளிகள் வரிசையாக விழுந்திருந்தன. ஆனால் சமமாக இல்லை. மேசை விளிம்பில் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. கீழே வர வர இடைவெளி அகன்று, சாக்குக்குப் பக்கத்தில் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதது போல விலகிக் கிடந்தன.

நான் யோசித்தேன். (இந்த இடத்தை என் மகள் எப்போதும் திருத்துவாள்: "அப்பா, நீங்க யோசிக்கல, அதாக்கும் பிரச்சினை.") கீறல் கேமராவுக்கு முன்னால் வரத் தாமதமானால் இடைவெளி கூடும். தாமதம் எப்படி வந்தது? மெஷின் வேகம் குறைந்திருக்க வேண்டும். மெஷினை மிதித்தவள் யார்?

பாவம், பெண்பிள்ளை. கால் வலித்திருக்கும். ஜம்பர் நினைவு வந்திருக்கும். சார் இதைப் பார்த்தால் என்ன ஆகும்? ஒரே வேகத்தில் மிதிப்பவள் என்று புகழ்ந்த அதே வாயால் அவளைக் கிழித்துவிடுவார். படம் கெட்டதற்கு அவள் காரணமாவாள். நான் விடுவேனா? காதல் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ரீடச் என்றே எழுதுகிறேன்.

கத்தியால் புள்ளிகளைச் சுரண்டி எடுத்தேன். சுரண்டிய இடத்தில் அறுந்த கட்டக்கோடுகளை ஒட்டவைத்தேன். பிறகு அதே வளைவில், சிவப்பு மையால், ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் புதிய புள்ளிகள் வைத்தேன். கை தானாகவே போயிற்று. இரண்டு கட்சிக்கும் எல்லை போட்டுப் பழகிய கை அல்லவா? பிரிண்ட் போட்டால் கறுப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாக, குட்டன் அண்ணன் சொன்னதுபோல, "மாலை கோத்த மாதிரி உண்டு, கொள்ளாம்!" பெரிதாக்கி, கண்ணாடி போட்டுச் சட்டமும் அடித்துத் தந்தார்.

பூமியின் இழுப்பையே பிரஷால் துடைத்தெடுத்துவிட்டுக் கையைக் கழுவிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கண்காட்சியன்று பாறசாலையில் கடையடைப்பு. பஸ் ஓடவில்லை. சாருக்குப் படத்தை முன்கூட்டிக் காட்டவும் வழியில்லாமல் போயிற்று. படம்பிடித்த அன்று கேமராச் சாமான்களோடு வந்துவிட்ட, சபைக்குத் திருப்பிக் கொடுக்க மறந்த, அந்தச் சவப்பெட்டித் துணியிலேயே சட்டத்தைச் சுற்றி, தலையில் வைத்து நெய்யாற்றின்கரைக்கு நடந்தேன். வழியில் டீக்கடைகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு மௌனமாக நின்றார்கள். ஒரு கிழவர் கொஞ்ச தூரம் கூடவே வந்து, "எந்தக் குடும்பத்துப் பிள்ளை?" என்று கேட்டார். வழக்கம்போல இருமினேன். "பாவம், பேச முடியல" என்று சொல்லித் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இன்ஸ்பெக்டர் ஏற்கெனவே வந்திருந்தார். சார் படத்தைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"எல்லாம் விழுந்திருக்கா?"

"வரிசையா விழுந்திருக்கு சார்."

அதுபோதும் அவருக்கு. ஹாலில் நல்ல கூட்டம். சார் மேடையில் படத்தை நிறுத்தி, துணியை உருவி, படத்துக்கு முதுகைக் காட்டி நின்று பேச ஆரம்பித்தார். மதராஸில் படித்தவர்கள் திரும்பிப் பார்த்துப் பேசுவதில்லை.

"எறியப்பட்ட பொருள் பக்கவாட்டில ஒரே வேகத்தில போகும். ஆனா பூமி அதைக் கீழே இழுத்துக்கிட்டே இருக்கும். அதனால விழ விழ வேகம் கூடும். வேகம் கூடக் கூட, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில தூரம் கூடும். மேல நெருக்கம், கீழ அகலம். படத்தைப் பாருங்கள்! கண்ணாலயே காணலாம்!"

பிரம்பால் பின்பக்கமாகவே படத்தைத் தட்டினார்.

மேல நெருக்கம், கீழ அகலம். அப்படியானால் அவள் கால்... சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, படத்துக்குப் பக்கத்தில் போனார். "சாரே, எவிடெ கூடுந்நு?" என்றார். எங்கே கூடுகிறது?

சார் திரும்பினார். பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஸ்கேலை எடுத்து மேலே அளந்தார். கீழே அளந்தார். ஸ்கேலைப் புரட்டிப் பிடித்து மறுபடியும் அளந்தார், ஸ்கேலில்தான் தவறு இருக்கும் என்பதுபோல. காய் விழவில்லை. படியில் கால்வைத்து நிதானமாக இறங்கி வந்திருந்தது.

"இது பந்தே இல்லை!" என்று சார் அலறினார். "எந்தப் பந்தும் இப்படி விழாது! இது பந்தே இல்லை!"

அதோடு விட்டிருந்தால் அவமானத்தோடு போயிருக்கும். கூட்டத்தில் பனச்சமூட்டுச் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிற ஒருவன் இருந்தான். எட்டிப் பார்த்தான்.

"பந்து இல்லைதான்," என்றான். "எலே, இது நம்ம தங்கையன் புள்ளி! எல்லையாக்கும்!"

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் புள்ளிக்கோட்டுக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஹால் முழுவதும் மேடைக்குப் பாய்ந்தது.

"அப்ப இந்தக் கட்டம் நெய்யாறு!"

"போலே, நெய்யாறு மேல! இது கடல்!"

"பாறசாலை இந்தப் பக்கமாக்கும்!"

"உங்க அப்பனுக்கு அந்தப் பக்கம்!"

படத்தில் ஒரு ஊர்ப்பெயரும் இல்லை. அது சண்டைக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. அவரவர் ஊரை அவரவர் விரலால் வைத்துக்கொண்டார்கள். ஒரு புன்னைக்காய் போன வழிக்காக இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். காட்சிக்கு வைத்திருந்த கமுகு ஓடையை எவனோ தூக்கி ஓங்கினான். இன்ஸ்பெக்டர் பின்வாசல் வழியாகப் போனவர் போனவர்தான்.

போலீஸ் வந்தது. சட்டையைப் பிடித்த இரண்டு பேரும் ஓடிவிட்டார்கள். ஓடத் தெரியாதவர்கள் மூன்று பேர் மிஞ்சினோம்: சார், நான், படம்.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டு. தொப்பையும் பொறுமையும் சம அளவில் உள்ளவர். மலையாளமும் தமிழும் கலந்து, அவசரமே இல்லாமல் பேசினார்.

"சாரே, இது எந்தா?"

"புன்னைக்காய்," என்றார் சார்.

"ஹாலில நீரு தன்னே சொன்னதல்லவா, இது பந்து இல்லைன்னு? அத்தனை பேரும் கேட்டுதே. பந்து இல்லைன்னா எல்லை. எல்லைப் படம்னா கேஸ். பள்ளிக்கூடத்தில எல்லைப் படம் வச்ச வாத்தியாருக்கு வேலை இருக்குமா? பந்துன்னா வீட்டுக்குப் போவலாம். எது? பறயும்."

சாரின் வேலை அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. பூமி இழுக்காது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே போக வேண்டும். அவ்வளவு படித்தவருக்கு அப்படி ஒரு சோதனை வரக்கூடாது. வந்தது, என்னால்.

"பந்து," என்றார் மிகவும் மெல்ல.

"அப்ப ஹாலில சொன்னது பொய்யா? பந்து இப்படியும் விழுமா?"

"விழாது."

"விழாதுன்னா பின்னே எல்லை."

"எல்லை இல்லை. பந்து."

"பந்து இப்படி விழுமா?"

இப்படியே சார் செக்கைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். சலித்துப்போன ஏட்டு என் பக்கம் திரும்பினார். "புள்ளி உன்னுதுன்னு சந்தையே சொல்லுது. நீ பறயடா."

வாயைத் திறந்தேன். காற்று வந்தது. உண்மை என்னிடம் இருந்தது. ஒரு வரி சொன்னால் சார் தப்பிப்பார். ஆனால் அந்த வரியில் றோஸ்லெற்றின் கால் வருகிறது. போலீஸ் ஸ்டேஷனில், அவள் அண்ணன் முன்னால், ஒரு கல்யாணமாகாத பெண்ணின் காலைப் பற்றி எப்படிப் பேசுவது? இருமினேன்.

"இவனுக்கு நெஞ்சுச் சளி," என்றார் ஏட்டு.

அப்போது வாசலில் றோஸ்லெற் வந்து நின்றாள், கழுத்தில் அளவுநாடாவோடு. சேதி கேட்டு, தையலைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். பின்னால் அவள் அம்மா அழுதுகொண்டு. அவள் அழவில்லை. நேராகப் படத்துக்குப் போனாள். குனிந்து பார்த்தாள்.

"மிஷின் தையல்ல கூட இவ்வளவு ஒப்பம் வராது," என்றாள். "இது கையால வச்சது." என்னைப் பார்த்தாள். "எதுக்கு வச்சீரு?"

துணிக்குள் தலைவிட அங்கே கேமரா இல்லை. முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தேன். பார்த்ததும் என் வாய் என் அனுமதி இல்லாமல் பேசிவிட்டது.

"கீழ வரும்போது இடைவெளி கூடிப்போச்சு... உங்க கால் தளர்ந்துபோச்சாக்கும்னு நெனச்சேன்... சார் உங்கள ஏசுவாரேன்னு..."

றோஸ்லெற்றின் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்தி, நன்றாகக் கேட்பதற்காக முன்னால் வந்தாள். றோஸ்லெற் நெகிழ்ந்துபோவாள் என்று நினைத்தேன்.

"என் காலா?" என்றாள் றோஸ்லெற். "என் கால் தளர்ந்துதா? எலே, நான் மிதிச்சா ஒரு நூல் தப்பாது, கேட்டீரா! வேகம் கூடினது காய்! கீழ வர வர வேகம் கூடும்னு எங்க அண்ணன் சோத்துல கைவச்சாலும் அதத்தானே சொல்லுது! எங்க வீட்டு ஆட்டுக்குக்கூடத் தெரியும்!"

ஆடு மறுபடியும் வந்துவிட்டது. அந்த ஆட்டைவிட நான் ஒரு படி கீழே என்பது அன்று சாட்சிகளோடு தீர்ப்பாயிற்று.

ஏட்டு சிரிக்க ஆரம்பித்தார். தொப்பை குலுங்கி, மேசை குலுங்கி, மேசை மேலிருந்த மைக்கூடு உருண்டு கீழே விழுந்தது. சார் அந்த நிலையிலும் அது விழுவதை ஆசையோடு பார்த்தார், முறைப்படி விழுந்தது.

"சாரே," என்றார் ஏட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது பந்தும் அல்ல, எல்லையும் அல்ல. இது கல்யாணக் கேஸாக்கும். இதுக்கு இஞ்ச சட்டத்தில வகுப்பு இல்ல. பாதிரியார்கிட்ட கொண்டு போங்க."

நாங்கள் வெளியே வருவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் ஊருக்குப் போய்விட்டது. எல்லைச் சேதி இரண்டு நாளாகக்கூட ஊரைச் சுற்றும். இது பொழுது சாய்வதற்குள் களியக்காவிளை தாண்டிவிட்டது. தங்கையன் போலீஸ் ஸ்டேஷனில் றோஸ்லெற்றின் காலைப் பற்றிப் பேசினான். அதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

"நாசமாப் போவான்," என்று சார் வழிநெடுக முனகினார். "இனி இவளை வேற எவன் கேட்டு வருவான்? இவனுக்கே கொடுக்கணும். நாலாம் கிளாஸ்!"

றோஸ்லெற் ஒரு நிபந்தனை போட்டாள். "நான் செய்யுற எதையும் இவரு திருத்தப்பிடாது."

இன்றுவரை திருத்தியதில்லை. சாம்பாரில் உப்பு கூடினாலும் தண்ணீர் குடித்துக்கொள்வேன்.

எல்லை கடைசியில் நான் வடக்கே போட்ட கோட்டிலும் போகவில்லை, தெற்கே போட்ட கோட்டிலும் போகவில்லை. பாறசாலையைக் கேரளத்துப் பக்கமும் களியக்காவிளையைத் தமிழ்நாட்டுப் பக்கமும் விட்டுவிட்டு, யாரையும் கேட்காமல் நடுவில் போயிற்று. நான் வைத்த அத்தனை புள்ளியும் வீண். அந்தப் படத்தை ஏட்டு திருப்பித் தரவே இல்லை. தன் வீட்டு முன்னறையில் மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொன்னார் என்று கேள்வி.

சார் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் வருவார். கேக்கைத் தொடுவதற்கு முன்னால் ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கையில் தூக்கிப் பிடித்து, "மச்சான், விடட்டா? சரியா விழுமா, இல்ல நீரு திருத்தணுமா?" என்பார். பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். அடுக்களையில் பாத்திரம் விழுந்தால், "உங்க அப்பாவக் கூப்பிடுங்க, விழுந்தது ஒப்பமா இருக்கான்னு பாக்கட்டு" என்று என் மனைவியின் குரல் வரும். காலேஜில் படிக்கிற மகள் போன வருஷம் தன் புத்தகத்தைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். மேலே நெருக்கமாக, கீழே அகலமாக, அதே புள்ளிகள். "அப்பா, இதை எடுத்த ஆளுக்கு ரீடச் தெரியாது போல," என்றாள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, இதை மட்டும் ஏன் திருத்தவில்லை என்று கேட்பார்கள். குட்டன் அண்ணன் எடுத்த படம். றோஸ்லெற் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன். ஒரு பென்சிலை வைத்து எத்தனையோ பேருக்குக் கண் திறந்துவைத்தவன் நான். கேட்டேன். அவள் பென்சிலைத் தரவில்லை.

"விழுந்தது விழுந்தபடி கிடக்கட்டும்," என்றாள்.